நீ வரைந்த நரி

மகன்,

தர்ஷினி முந்தாநாள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். "மாமா, இத அவர்ட்டச் சொல்லிராதீங்க. கலியாணத்தண்டு மண்டபத்தில போட்டு உங்கள அழவைக்கப் போறாராம். எனக்குத்தான் பொறுக்கல்ல" என்று கூடவே குரலும் வந்தது. உனக்கு வாய்க்கப் போகிறவள் நல்ல பிள்ளை. அவள் வாயில் ரகசியம் ஒரு நாளும் தங்காது போலிருக்கிறது; அதைத் தெரிந்துகொண்டே மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்குப் போ. இதற்காக அவளை ஏசிவிடாதே. அவள் அனுப்பியிராவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன், எல்லாரோடும் சேர்ந்து மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்டியிருப்பேன்.

நீ வரைந்த ஆறு நிமிடக் கார்ட்டூன் படம். அந்த ஆறு நிமிடமும் நான் நல்லவனாக இருக்கிறேன். அது உண்மை இல்லை. கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வந்தாறுமூலை மண்டபத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால் அந்த நரிப்படம் ஓடுவதற்குள் நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்லப் பார்த்தேன். நான்கு தரம் குரலைப் பதிந்தேன், நான்கு தரமும் அழித்தேன். என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. அதனால் உன் பழைய கொப்பி ஒன்றைக் கிழித்து எழுதுகிறேன். இதை நீ யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. உன் நரிக் கார்ட்டூனை ஊரே பார்த்தது. இதையும் ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

எழுதப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "கலியாணம் முடியட்டும், மறுகா சொல்லுங்க. பொடியன் இப்பதான் சந்தோசமா இரிக்கான்" என்றாள். பிறகு என்ற அந்த மறுகாவை வைத்துத்தான் நான் பன்னிரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். நீ பரீட்சை எழுதட்டும், மறுகா. நீ கொழும்பில் ஒரு வேலையைப் பிடிக்கட்டும், மறுகா. இப்போது கலியாணம். அடுத்ததாக உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும், அதற்கும் ஒரு மறுகா சொல்லிவிடலாம். எனக்கு வயது அறுபத்திமூன்று, சீனி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. இனித் தள்ளிப்போட இடமில்லை.

முதலில் நரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீயும் அங்கிருந்துதான் தொடங்கினாய். பள்ளி விட்டு வந்தால் சட்டையைக் கழற்றாமலே டிவிக்கு முன்னால் குந்துவாய். அந்தக் கார்ட்டூன்களில் வரும் நரிகளையும் ஓநாய்களையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஓநாய்க்கு நாக்கு நீளம், நரிக்கு வால் பெரிது, இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு நாள் வெள்ளைக்காரன் நாட்டு மணல்காட்டில் ஒல்லியாய் ஒரு பிராணி ஓடியது. "அப்பா, இது நாயா நரியா?" என்று கேட்டாய். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராதே, "அது அமெரிக்க நரி மனே" என்றேன். கொயோட்டி என்று அதற்கு ஒரு பேர் இருப்பதை வளர்ந்த பிறகு நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். எந்த நாட்டு நரியாக இருந்தாலும் அந்தப் படங்களில் அதற்கு ஒரே விதிதான். மற்றவனுக்குக் குழி தோண்டும், தானே விழும், சப்பையாகும், எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு போகும். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு நாள் திடீரென்று கேட்டாய், "அப்பா, நரி சாகாதா?" என்று. "கார்ட்டூன் நரி சாகாது மனே. அடுத்த கிழமையும் வரவேணுமே" என்றேன். நான் உனக்குச் சொன்ன எத்தனையோ பதில்களில் அது ஒன்றுதான் சரியான பதில் என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. கார்ட்டூனில் நரி எப்போதும் கள்ளன். ஆனால் நம் ஊரில் ஒருவனுக்கு நல்லது நடந்தால், இன்றைக்கு நரி முகத்தில் முழித்திருக்கிறான் என்கிறோம். கள்ளனுடைய முகத்தில் முழித்தால் எப்படி நல்லது நடக்கும் என்று நீ கேட்டாய். ஆனால் நரி முகத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாள், நீ கலர்ப் பென்சிலால் கீறி வைத்திருந்த நரியை, சாரம் கட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த நரியை, உன் பாய்க்கு நேரே சுவரில் ஒட்டினேன். விடிய நீ கண்ணைத் திறந்ததும் அதன் முகத்தில்தான் முழித்தாய். சிரித்தாய். பாஸும் பண்ணினாய். நீ படித்ததால் பாஸ் பண்ணினாய் என்று உன் அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. கடதாசி நரிக்கே இவ்வளவு பலன் என்றால் உண்மையான நரிக்கு எவ்வளவு இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில்தான் நான் கெட்டேன்.

மூளியன் உனக்குப் பதின்மூன்று வயதாயிருக்கும்போது வந்தது. உனக்கு அது மறந்திராது, ஆனாலும் இந்தக் கடிதத்தை வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். குருக்கள்மடத்தில் பாதையில் ஏறி, மோட்டார்சைக்கிளும் சனமும் ஏறும் அந்தத் தட்டைப் படகில் வாவியைக் கடந்து, சனிக்கிழமைகளில் நீ எனக்குச் சோறு கொண்டு வருவாய். அக்கரையில் நம் வயல் வட்டையில், காவலுக்குப் போட்ட வாடிக் குடிசைக்குப் பின்னால் ஒரு நரி நிற்கும். ஒரு செவி பாதி கிழிந்திருந்தது. நீதான் மூளியன் என்று பேர் வைத்தாய். மீன் தலையையும் நண்டுக் கோதையும் தட்டில் போட்டு, கரண்டியால் மூன்று தரம் தட்டுவாய். அது வரம்பு வழியே வந்து பத்தடி தள்ளி உட்காரும். நீ எழும்பிப் போன பிறகுதான் தின்னும். "அப்பா, இது யாரையும் ஏமாத்தல்ல பாருங்க. டிவிக்காரன்தான் பொய் சொல்றான்" என்று சொல்வாய். நான் கிட்டப் போனால் அது எழும்பி ஓடிவிடும். என்னை அது எப்போதோ சரியாக எடைபோட்டு வைத்திருந்தது.

நீ சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த வருடம், கணக்குப் பாடம் உனக்கு ஓடவே இல்லை. மாதிரித் தாள்களில் நீ எடுத்த புள்ளிகளைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரியூசனுக்கு அனுப்பினேன். கோயிலுக்கு நேர்ந்தேன். அப்போதுதான் பக்கத்து வயல் வேலாப்போடி அண்ணன் நரிக்கொம்பைப் பற்றி எடுத்தான். கூட்டத்தில் ஒரு நரிக்குத்தான் அது இருக்குமாம், உச்சந்தலையில் மயிருக்குள் மறைந்து சுண்டுவிரல் நுனியளவு இருக்குமாம், அது வீட்டில் இருந்தால் பிள்ளை தொட்டதெல்லாம் துலங்குமாம். "உன்ட மகன்ட நரிக்கு இரிக்கும்டா. செவி கிழிஞ்சும் சாகாம நிக்குது எண்டா சும்மாவா?" என்றான். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தேன். ஒரு கிழமை அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன். படித்தவன் இதைக் கேட்டால் காறித் துப்புவான். நானும் பத்தாம் வகுப்பு வரை படித்தவன்தான்.

இனி வருவதை எழுதுமுன் இரண்டு தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அது ஒரு புதன்கிழமை. நீ ரியூசனில் இருந்தாய். வேலாப்போடி அண்ணன் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கை வரம்பில் வைத்தான். வெயில் சாய்கிற நேரம். ஒரு மணித்தியாலம் இருந்தோம், அது வரவில்லை. தூரத்தில் புல்லுக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. "உன்னக் கண்டா வராதுடா, அதுக்கு மகனத்தான் தெரியும்" என்று அவன் சலித்துக்கொண்டு எழும்பினான். அப்போதுதான், மகன், நான் வாடிக்குள் போய் உன் தட்டை எடுத்து வந்தேன். கரண்டியால் மூன்று தரம் தட்டினேன். அது தலையைத் தூக்கியது. என் பின்னால் எட்டிப் பார்த்தது, நீ எங்கே என்று. நான் திரும்பவும் தட்டினேன். வந்தது. மீதியை அவன் பொல்லால் முடித்தான், கம்பியைப் பிடித்திருந்தது நான். தலையைப் பிரித்துப் பார்த்தோம். எலும்பைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

அவன் கையைக் கழுவிக்கொண்டு, "இது அந்த நரி இல்லப் போல" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் தனியே குழி வெட்டி மருத மரத்தடியில் புதைத்தேன். சனிக்கிழமை நீ வந்தாய். தட்டினாய். காத்திருந்தாய். திரும்பவும் தட்டினாய். நான் வாடிக்குள் வேலை இருப்பதுபோல் உரப்பையைக் கட்டி அவிழ்த்து, அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ வந்து வாசலில் நின்று, "அப்பா, மூளியனக் கண்டீங்களா?" என்று கேட்டாய். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. நான் சொன்னேன், "ஊர் நாயெல்லாம் கூடி அடிச்சுப்போட்டுது மனே. பொல்லத் தூக்கிட்டு ஓடினன், ஏலாமப் போச்சு. மருத மரத்தடியில பொதச்சிட்டன்."

நீ அழுதாய். பதினாறு வயதுப் பொடியன், மீசை அரும்பியிருந்தது, என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஓடினீங்கதானே அப்பா. அது காணும், வேற ஒண்டும் வேணாம்" என்றாய். எனக்கு அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு நீ பரீட்சை எழுதினாய், கணக்கும் சித்தியடைந்தாய், கொம்பும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல்.

பிறகு கொழும்பு போனாய், பிள்ளைகளுக்குப் பாடப் படம் வரையும் வேலையில் சேர்ந்தாய், ஓய்வு நேரத்தில் நரியப்பா கார்ட்டூனைத் தொடங்கினாய். முதல் படம் வந்த அன்றே மச்சான்மார் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். மடித்துக் கட்டிய சாரம், தலையில் துவாய், இடது காலை இழுத்து இழுத்து நடக்கும் நடை, "அதெல்லாம் நான் பாத்துக்குவன்" என்ற பேச்சு. அச்சாக நான்தான். தன் குட்டிக்கு நல்லது செய்கிறேன் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு பொறி வைத்து, அதில் தானே மாட்டிக்கொண்டு முழிக்கும் அப்பா நரி. பாதை ஏறும் இடத்தில் பொடியன்கள் "நரியப்பா வாறார், இடம் விடுங்கடா" என்று சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்வேன். ஆனால் அந்த நரிக்கு ஒரு செவி கிழிந்திருந்தது. நான் கொன்றதன் செவியை என் தலையில் வைத்து வரைந்திருந்தாய். அன்பாகத்தான் வரைந்தாய், அது எனக்குத் தெரியும். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு நீ போனில் கூப்பிட்டபோது உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேனே, நினைவிருக்கிறதா? "அப்பன வித்துத் திங்கிறாய். ஊர் சிரிக்குது" என்று கத்தினேன். ஊர் சிரித்ததில் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. அதற்கு முதல் நாள் வந்த படத்தில் நரியப்பா வைத்த சுருக்கில் ஒரு கொக்கு மாட்டிக்கொள்ள, அவர் பதறிப்போய்ப் பல்லால் கடித்து அதை அவிழ்த்துவிடுவார். குட்டி நரி, "எங்கட அப்பா யாரையும் சாகவிட மாட்டார்" என்று சொல்லும். அதைக் கேட்டபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவன் என்ன செய்வான், உன்மேல் பாய்ந்தேன். "சரி அப்பா, நிப்பாட்டுறன்" என்றாய். நிறுத்தியும்விட்டாய். அந்தக் கார்ட்டூனைப் பார்த்துத்தான் தர்ஷினி உனக்கு முதன்முதலில் எழுதினாளாம், அவளே சொன்னாள். அப்படிப்பட்ட ஒன்றை என் கோழைத்தனத்துக்காக நீ மூடிவைத்தாய்.

இப்போது என் மனம் நொந்துவிட்டதென்று நினைத்து, அதை ஆற்றுவதற்காக இந்தக் கடைசிப் படத்தைச் செய்திருக்கிறாய். அதில் நரியப்பாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்க முடியாது. தட்டில் மூன்று தட்டுச் சத்தம் கேட்கிறது. நண்பன் நரி வருகிறது. நாய்கள் பாய்கின்றன. நரியப்பா காலை இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்து எழும்பி, பொல்லைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறார். அந்தச் சண்டையில் நாய் கடித்துத்தான் அவர் செவி கிழிந்ததாம். செத்த நண்பனைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் மருத மரத்தடியில் புதைக்கிறார். முடிவில் "அப்பாவுக்கு" என்று ஒரு சொல். எவ்வளவு அழகாக வரைகிறாய் மகன். அந்த மரத்தின் பட்டை உரிந்த இடத்தைக்கூட மறக்கவில்லை நீ. நான் சொன்ன ஒரு பொய்யை எடுத்து, பன்னிரண்டு வருடம் மனதில் வைத்து வளர்த்து, இவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறாய்.

கலியாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதற்கு வாழ்க்கையில் இடறல் வரும்போது நீ பதறாதே. பதறினவன் பிள்ளைக்கு நல்லது தேடுகிறேன் என்று பிள்ளையின் பொருளையே எடுத்து உடைத்துவிடுவான். உடைத்துவிட்டாலும் அன்றைக்கே சொல்லிவிடு. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு மறந்துவிடும் என்று நினைக்காதே. அவர்கள் அதன்மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். பிறகு கல்லைப் பிடுங்கவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. உன் மாமனார் மாமியார் நல்ல சனங்கள். அந்த வீட்டில் போய் எதையாவது தவறவிட்டால் தவறவிட்டேன் என்று சொல்லு, என்னைப்போல் உரப்பையைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்காதே.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு நீ என்ன செய்வாய் என்று எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்டபத்துக்கு வராதே என்றால் வரமாட்டேன், காய்ச்சல் என்று உன் அம்மா சனத்துக்குச் சொல்லட்டும், இல்லை, அதுவும் வேண்டாம், நான் மறைத்ததே போதும். வா என்றால் வருகிறேன், நீ காட்டுகிற இடத்தில் இருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் உன்னிடம் கேட்டு என்ன, உன் தட்டுச் சத்தத்தை நம்பி வந்ததிடம் அல்லவா நான் கேட்க வேண்டும்? அந்தப் படத்தை ஒன்பது தரம் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் அந்தக் கிழவன் ஓடும்போது, இந்தத் தரமாவது போய்ச் சேர்ந்துவிடு என்று என்னை மறந்து சொல்கிறேன். நான் அவனாக இருந்திருக்கலாம். அன்று வரம்பில் ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

படத்தைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போடுவதானால் என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். அந்த நாய்களை மட்டும் எடுத்துவிடு. அவை அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

அப்பா